அம்மா போனைச் சொம்பில் சாய்த்து வைத்துச் சாப்பிடுகிறார்: சாப்பாட்டு வீடியோக்கள் பற்றி ஒரு கேள்வி

திருவிடைமருதூர்_மகள்:

வணக்கம். ரொம்ப நாளாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இன்று ஒரு விஷயம் மனதில் கிடந்து உறுத்துகிறது, அதனால் எழுதுகிறேன்.

அப்பா போய் இரண்டு வருடம் ஆகிறது. அம்மா ஊரில் அதே வீட்டில் தனியாக இருக்கிறார், நான் சென்னையில். போன மாதம் ஒரு புதன்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் மதியம் போய் இறங்கினேன். வாசல் கதவு சும்மா சாத்தியிருந்தது. கூடத்தில் அம்மா தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எதிரே பித்தளைச் சொம்பு, அதில் சாய்த்து வைத்த போன். போனில் யாரோ ஒரு நடுவயதுப் பெண். அவர் தட்டில் மலை மாதிரி சோறு, கருவாட்டுக் குழம்பு, நாலு அவித்த முட்டை. அந்தம்மா ஒரு வாய் எடுத்தால் எங்கள் அம்மாவும் ஒரு வாய் எடுக்கிறார். நடுவில் அந்தம்மா நிமிர்ந்து, "உங்க வீட்ல இன்னிக்கு என்ன கொழம்பு?" என்று கேட்டார். அம்மா போனைப் பார்த்து, "வத்தக்குழம்பு" என்று சத்தமாகப் பதில் சொன்னார்.

நான் ரேழியிலேயே நின்றுவிட்டேன்.

முதலில் கோபம்தான் வந்தது. நான் தினமும் கூப்பிடுகிறேன், என்னிடம் இரண்டு நிமிடம் பேசிவிட்டு வைத்துவிடுகிறவர் யாரோ முகம் தெரியாதவரிடம் குழம்பைப் பற்றிச் சொல்கிறாரே என்று. அப்புறம் அடுக்களைக்குப் போனேன். சின்ன ஏனத்தில் வத்தக்குழம்பு, கத்தரிக்காய் வதக்கல், சுட்ட அப்பளம் இரண்டு. இதைப் படிக்கிறவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். அப்பா இறந்த பிறகு அம்மா சமைக்கிறதையே விட்டிருந்தார். "ஒருத்திக்கு எதுக்கு உலை வைக்கணும்" என்று சொல்லி மோர்சாதமும் ஊறுகாயுமாக, அதுவும் மூணு மணி, நாலு மணிக்கு. எட்டுக் கிலோ இளைத்திருந்தார். இப்போது பன்னிரண்டரைக்கு உட்கார்ந்து சாப்பிடுகிறார்.

இது ஒரு பக்கம். எனக்கு பதின்மூன்று வயதில் ஒரு மகன். அவனும் இதே மாதிரி வீடியோக்கள்தான் பார்க்கிறான், ஆனால் போட்டி வகை. பத்து நிமிடத்தில் இத்தனை பர்கர், கண்ணீர் வர வர கொரிய கார நூடுல்ஸ். போன வாரம் நண்பர்களோடு சேர்ந்து அந்த நூடுல்ஸ் இரண்டு பாக்கெட்டைக் கேமரா முன்னால் சாப்பிட்டிருக்கிறான். ராத்திரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டான், இரண்டு மணிக்கு அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

ஒரே பொருள் என் அம்மாவைச் சாப்பிட வைத்திருக்கிறது, என் பிள்ளையை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்திருக்கிறது. ஒருவருக்குச் சரி, இன்னொருவருக்குக் கூடாது என்று எதை வைத்துச் சொல்வது? யோசித்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

வெட்டாறு:

மகளே, பையன் இப்போது நலம்தானே? முதலில் அதைச் சொல்லுங்கள்.

நான் ஓய்வு பெற்ற ஆசிரியன். என் கருத்து பழையதாகத் தெரியலாம், ஆனாலும் சொல்கிறேன். சாப்பிடுகிறவர் வாயைப் பார்க்கக் கூடாது என்று சொல்லித்தான் நம்மை வளர்த்தார்கள். குழந்தைக்குச் சோறு ஊட்டும்போது யாராவது உற்றுப் பார்த்தால் கண் பட்டுவிடும் என்று பாட்டி முந்தானையால் மறைப்பாள். இதை மூடநம்பிக்கை என்று தள்ளலாம். ஆனால் அதற்கு அடியில் ஒரு முறை இருந்தது. நீ சாப்பிடும்போது ஒருவன் வந்து நின்றால் அவனையும் உட்காரச் சொல், இலை போடு. போட முடியாவிட்டால் அவன் முன்னால் சாப்பிடாதே. பார்க்கிறவனுக்கும் பசி இருக்கும் என்பதுதான் அந்தப் பாடம்.

இந்த வீடியோக்களில் பார்க்கிறவனுக்கு ஒரு பிடி கிடையாது. பார்ப்பது மட்டும்தான் அவன் பங்கு.

நான் வேலை பார்த்ததெல்லாம் கிராமத்துப் பள்ளிகள். 1982-இல் சத்துணவு விரிவானபோது நான் பணியில் சேர்ந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. திங்கட்கிழமை மதியம் தட்டோடு வரிசையில் நிற்கும் பிள்ளைகளின் முகம் மற்ற நாள் மாதிரி இருக்காது. சனி, ஞாயிறு வீட்டில் என்ன சாப்பிட்டார்கள் என்பது அந்த முகத்தில் தெரியும். 2022-இல் காலைச் சிற்றுண்டித் திட்டத்தை மதுரையில் தொடங்கிவைத்த செய்தியைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. அந்த வரிசையைப் பார்த்த கண்ணால் ஒருவர் முப்பது முட்டையைக் கேமராவுக்காக விழுங்குவதைப் பார்க்க என்னால் முடியவில்லை.

உங்கள் அம்மாவைக் குறை சொல்லவில்லை. அவர் தனிமையை வைத்து யாரோ காசு பார்க்கிறார்கள் என்பதுதான் என் வருத்தம்.

தேஜோன்_தமிழன்:

அக்கா, உங்கள் பதிவைப் படித்ததும் என் முதல் வருடம் ஞாபகம் வந்துவிட்டது. நான் கொரியாவில் தேஜோன் நகரத்தில் ஆராய்ச்சி மாணவன், வந்து ஆறு வருடம் ஆகிறது. இது தொடங்கிய ஊரிலிருந்து சொல்கிறேன்.

இங்கே இதற்குப் பெயர் முக்பாங். சாப்பிடுவது என்ற சொல்லின் முதல் பகுதியையும் ஒளிபரப்பு என்ற சொல்லின் முதல் பகுதியையும் ஒட்டிய பெயர். 2010-ஐ ஒட்டி, ஆஃப்ரிக்கா டிவி என்ற கொரிய நேரலைத் தளத்தில் பரவ ஆரம்பித்தது. பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், ஆப்பிரிக்காவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. யூடியூபில் பதிவு செய்து போடுவது பின்னால் வந்தது. முதலில் எல்லாம் நேரலை. சாப்பிடுகிறவர் ஒரு கண்ணைத் தட்டிலும் ஒரு கண்ணை அரட்டைப் பெட்டியிலும் வைத்திருப்பார். "அந்தக் கிம்ச்சியை நூடுல்ஸில் சுற்றிச் சாப்பிடுங்கள்" என்று ஒருவர் எழுதினால் அப்படியே சாப்பிட்டுக் காட்டுவார். பார்க்கிறவர்கள் நட்சத்திர பலூன் என்று ஒன்றை வாங்கி அனுப்புவார்கள், ஒன்று நூறு வோன். அதில் ஒரு பங்கு அவருக்குப் போகும்.

இது ஏன் இங்கே வேர் பிடித்தது என்று வந்த புதிதில் எனக்குப் புரியவில்லை. ஒரு ராத்திரி பசியோடு இறைச்சி சுட்டுச் சாப்பிடும் கடைக்குப் போனேன். உட்காரும் முன்பே கடைக்கார அம்மா ஒரு விரலைக் காட்டி, "ஒருவரா?" என்று கேட்டார். ஆமாம் என்றதும் கையை ஆட்டிவிட்டார். குறைந்தது இரண்டு பேருக்கான அளவு வாங்க வேண்டும். ஊர் முழுக்க அந்த மாதிரிக் கடைகளில் அதுதான் வழக்கம். சாப்பாடு என்றாலே நடுவில் ஒரு அடுப்பு, சுற்றிலும் ஆட்கள் என்று பழகிய ஊர் இது. அதே கொரியாவில் 2022 கணக்குப்படி மொத்தக் குடும்பங்களில் 34.5 விழுக்காடு ஒற்றை ஆள் குடும்பம். தனியாகச் சாப்பிடும் சோற்றுக்கு ஹோன்பாப் என்று தனிச் சொல்லே உண்டாகிவிட்டது.

அன்றைக்குக் கடையில் பிளாஸ்டிக் டப்பாச் சாப்பாடு வாங்கிக்கொண்டு அறைக்கு வந்தேன். கை நீட்டினால் இரண்டு பக்கச் சுவரும் தட்டும் அறை. லேப்டாப்பில் ஒரு பெண் சாப்பிடும் நேரலையைத் திறந்தேன். அவர் பேசியதில் பாதி புரியவில்லை. ஆனால் டப்பாவைத் திறக்கும்போது "நன்றாகச் சாப்பிடுங்கள்" என்று சொன்னது புரிந்தது. அந்தக் குளிர்காலம் முழுக்க அவரோடுதான் சாப்பிட்டேன்.

வெட்டாறு ஐயா, பார்க்கிறவனுக்கு ஒரு பிடி கிடையாது என்கிறீர்கள். எனக்கு என் டப்பா இருந்தது, அக்காவின் அம்மாவுக்கு வத்தக்குழம்பு இருந்தது. எங்களுக்கு இல்லாதது சோறு இல்லை ஐயா, எதிரில் ஒரு ஆள்.

டைம்லைன்_தம்பி:

நான் கொஞ்சம் கசப்பானதைச் சொல்லப் போகிறேன், மன்னிக்கவும். சென்னையில் ஒரு சாப்பாட்டு சேனலுக்கு ஒன்றரை வருடம் எடிட்டராக இருந்தேன். பெயர் சொல்ல மாட்டேன்.

பிரியாணி சேலஞ்ச் என்று ஒரு வீடியோ. நீங்கள் பார்க்கும்போது பன்னிரண்டு நிமிடம். என் கணினிக்கு வந்த பதிவு மூன்றே கால் மணி நேரம். ஒவ்வொரு வாய்க்கும் நடுவில் வெட்டு இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? வாய் நிறையச் சோறு, கேமராவைப் பார்த்துச் சிரிப்பு, உடனே அடுத்த வாய். அந்த இரண்டு வாய்க்கு நடுவில் நான் வெட்டி எறிந்தது என்னவென்று எனக்குத்தான் தெரியும். மேசைக்குக் கீழே கறுப்புக் கவர் போட்ட ஒரு வாளி இருக்கும். அண்ணன் மெல்லுவார், சிரிப்பார், குனிவார். நிமிரும்போது கண் சிவந்திருக்கும். டைம்லைனில் அந்தக் குனிதலை ஒவ்வொன்றாகத் தேடி எடுப்பதுதான் என் வேலை. கழுத்தில் மைக் இருந்ததால் சத்தமும் வரும். ஹெட்போன் போட்டுக்கொண்டு அதைக் கேட்டு வெட்ட வேண்டும். நான்கு மாதம் என்னால் பிரியாணி சாப்பிட முடியவில்லை.

ஏன் அப்படி என்றால் கணக்கு அப்படி. எட்டு நிமிடத்துக்கு மேல் இருந்தால்தான் வீடியோவுக்கு நடுவில் விளம்பரம் போடலாம். ஆக எட்டு நிமிடத்துக்கு மேல் இழுக்க வேண்டும். எந்த நொடியில் ஆட்கள் விலகுகிறார்கள் என்று ஒரு கோடு காட்டும். எங்கள் வீடியோக்களில் அண்ணன் ருசியைப் பற்றிப் பேசினால் கோடு சரியும், வியர்த்துத் திணறினால் நிமிரும். முதலில் இரண்டு பிரியாணி, அப்புறம் நான்கு, அப்புறம் வாளி. அவர் கெட்டவர் இல்லை. வீட்டில் இரண்டு தங்கைகளுக்குக் கல்யாணம் செய்து வைத்தார் அந்தக் காசில். ஆனால் கடைசியில் வீட்டுக்குப் போய் மோர் மட்டும்தான் குடிப்பார்.

அக்கா, உங்கள் பையனிடம் அந்த வாளியைப் பற்றிச் சொல்லுங்கள். அவன் பார்ப்பது நடக்காத ஒன்று.

வெட்டாறு:

தம்பி, நீங்கள் எழுதியதைப் படித்து வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். மூன்று மணி நேரம் சோற்றை வாளியில் துப்புவது. இதற்குச் சட்டம் வேண்டாமா?

சீனாவில் கொண்டுவந்துவிட்டார்கள். 2021 ஏப்ரலில் உணவு வீணாவதைத் தடுக்கும் சட்டம். அளவு மீறிச் சாப்பிடுவதைக் காட்டிப் பரப்பும் ஊடகங்களுக்கு ஒரு லட்சம் யுவான் வரை தண்டம். நம் அரசும் இதைச் செய்தால் என்ன?

தேஜோன்_தமிழன்:

ஐயா, கொரியாவும் லேசாகக் கை வைத்துப் பார்த்தது. 2018-இல் உடல்பருமன் தடுப்புத் திட்டத்தில் முக்பாங்குக்கு வழிகாட்டு நெறிகள் கொண்டுவருவோம் என்று ஒரு வரி வந்தது. "நான் என்ன சாப்பிடுவதைப் பார்க்க வேண்டும் என்று அரசு சொல்லுமா" என்று பெரிய எதிர்ப்பு கிளம்பிவிட்டது. இங்கே மக்களுக்கு உண்மையாகவே கோபம் வந்தது வேறு ஒன்றில். 2020 ஆகஸ்டில், பிரபலமான பல முக்பாங் ஆட்கள் நிறுவனங்களிடம் காசு வாங்கிக்கொண்டு அதைச் சொல்லாமலே "நானே வாங்கியது" என்பது போலச் சாப்பிட்டுக் காட்டியது வெளியே வந்தது. எத்தனை கிலோ சாப்பிட்டார்கள் என்பதை யாரும் கேட்கவில்லை. கூட உட்கார்ந்து சாப்பிட்டவர் ஏமாற்றிவிட்டாரே என்பதுதான் வலி.

செஞ்சிக்கோட்டை:

சாப்பிடுவதை வேடிக்கை பார்ப்பது வெளியிலிருந்து வந்தது என்பதுபோல் பேச்சு போகிறது. அதை மட்டும் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

எங்கள் பக்கத்தில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைப்பார்கள். அதில் பகாசுரன் வதம் ஒரு நாள். பீமன் வேடம் கட்டியவர் மாட்டு வண்டியில் ஏறி உட்காருவார். வண்டி நிறையச் சோறு, குழம்பு, மாலை மாதிரி கோத்துத் தொங்கவிட்ட வடை. தெருத்தெருவாக வண்டி வரும். வீட்டுக்கு வீடு பெண்கள் சோறும் பலகாரமும் கொண்டுவந்து கொடுப்பார்கள். அசுரனுக்குக் கொண்டுபோக வேண்டிய சோற்றைப் பீமன் வழியிலேயே தின்றுகொண்டு வருவான், அதுதான் கதை. எங்கள் ஊரில் பீமன் கட்டுகிறவர் மெலிந்த ஆள். வயிற்றில் துணி சுற்றி, முகத்தில் சிவப்புப் பூசி, இரண்டு கையாலும் அள்ளி அள்ளி வாயில் போடுகிற பாவனையில் ஊரே விழுந்து விழுந்து சிரிக்கும். சின்ன வயதில் வண்டிக்குப் பின்னாலேயே ஓடியிருக்கிறேன். ஏன் ஓடுவோம் தெரியுமா? அவர் வடையைப் பிய்த்து எங்கள் பக்கம் வீசுவார். வண்டிச் சோறு கடைசியில் ஊருக்குத்தான்.

1957-இல் மாயாபஜார் வந்து ரங்காராவ் கடோத்கஜனாகக் கல்யாணச் சமையலை ஒரு கை பார்த்தபோது தமிழும் தெலுங்கும் சேர்ந்து கொண்டாடியதே, அதுவும் இந்த வழிதான். பசி தெரிந்த ஊர்தான் நிறையத் தின்கிறவனைக் கண்டு இவ்வளவு சந்தோஷப்படும்.

புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்தில் ஒரு தாத்தாவும் பேரன்களும் சேர்ந்து 2018-இல் தொடங்கிய கிராமத்துச் சமையல் சேனலைப் பாருங்கள். 2021-இல் ஒரு கோடிப் பேர் சந்தாதாரர் ஆனார்கள், தமிழ் யூடியூபில் அந்த எண்ணிக்கையை முதலில் தொட்டது அவர்கள்தான். ஆற்றங்கரையிலும் வயலிலும் அண்டா அண்டாவாகச் சமைக்கிறார்கள். சமைத்தது ஊர்ப் பெரியவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் பரிமாறுவதில் போய் முடிகிறது. அங்கேயும் கேமராதான், அங்கேயும் அளவு பெரிசுதான். ஆனால் வெட்டாறு ஐயா சொன்ன அந்த முறை, பார்க்கிறவனையும் உட்கார வை என்பது, அங்கே உயிரோடு இருக்கிறது. எனக்கு அது போதும்.

கல்லும்_சால்னாவும்:

பரோட்டா கடை வைத்திருக்கிறேன், சங்கரன்கோவில் பக்கம். இருபத்திரண்டு வருடத் தொழில். இங்கே எழுதிப் பழக்கமில்லை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2009-இல் வெண்ணிலா கபடிக்குழு வந்தது. சூரி அண்ணன் பரோட்டா தின்கிற காட்சியை ஊரே பேசிச் சிரித்தது. அவருக்கு பரோட்டா சூரி என்றே பெயர் நின்றுவிட்டது. அதற்கப்புறம் கடைக்கு வருகிற பையன்கள் எல்லாம் "அண்ணே, எத்தனை சாப்பிட்டா காசு வேண்டாம்?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். ரொம்ப நாள் சிரித்துத் தட்டிக் கழித்தேன். 2019-இல் ரோட்டுக்கு அந்தப் பக்கம் புதுக் கடை வந்து யாவாரம் குறைந்தபோது, நானும் பேனர் கட்டினேன். முப்பது பரோட்டா முக்கால் மணி நேரத்தில் சாப்பிட்டால் ஐயாயிரம் ரூபாய்.

பரோட்டா பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உருண்டை ஒன்று எழுபது கிராம் மாவு. எண்ணெய் தடவி ஊற வைத்து, வீசி, சுருட்டி, தட்டிக் கல்லில் போட்டு, இரண்டு பக்கமும் சிவந்ததும் நாலைந்தை அடுக்கி இரண்டு உள்ளங்கையாலும் பக்கவாட்டில் அடிக்க வேண்டும். அடித்தால்தான் அடுக்கு விரியும். விரிந்த சூட்டில் சால்னா ஊற்றிப் பிய்த்துப் போட்டால் அந்த ருசி வேறு. ஆறிப்போனால் தோல் மாதிரி ஆகிவிடும். போட்டிக்கு உட்கார்ந்தவனுக்கு முப்பதும் மொத்தமாக முன்னால் இருக்க வேண்டும், வீடியோ எடுக்கிறவர்கள் அடுக்கைக் காட்ட வேண்டும் என்றார்கள். முன்கூட்டியே போட்டு அடுக்கினேன். எல்லாம் ஆறிப்போனது. அவனுக்கு நான் கொடுத்தது பரோட்டாவே இல்லை.

பதினெட்டாவதில் அவனுக்கு மூச்சு வாங்கியது. போதும்ப்பா என்றேன். கூட வந்தவர்கள் "அண்ணே, நடுவில வராதீங்க, ஃப்ரேம்ல விழுறீங்க" என்றார்கள். இருபத்தொன்றில் எழுந்து கொல்லைப்பக்கம் ஓடினான். தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான். முதுகைத் தடவிவிட்டேன். நடுங்கிக்கொண்டே, "அண்ணே, காலைல இருந்து ஒண்ணும் சாப்பிடலண்ணே, வயித்தைக் காலியா வச்சிட்டு வரச் சொன்னாங்க" என்றான். பத்தொன்பது வயது இருக்கும். ஐயாயிரம் எதற்கு என்று கேட்டேன். செமஸ்டர் பணம் கட்டணும் என்றான்.

அன்று ராத்திரியே பேனரை அவிழ்த்துவிட்டேன். அந்த வீடியோ இப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது. நான் அவன் முதுகைத் தடவியது அதில் இல்லை.

டைம்லைன்_தம்பி:

அண்ணா, அந்த மாதிரி இடங்களை வெட்டியது என்னைப் போன்ற ஆட்கள்தான். உங்கள் கடைசி வரியைப் படித்துத் தூக்கம் வரவில்லை.

பேரூர்_பட்டீஸ்வரம்:

கல்லும் சால்னாவும் அண்ணன் சொன்னது எங்கள் ஊரிலும் நடந்தது. 2024 ஆகஸ்ட் கடைசியில் கோவையில் ஒரு புது உணவகம், அரை மணி நேரத்தில் ஆறு பிரியாணி சாப்பிட்டால் ஒரு லட்சம் என்று அறிவித்தது. கூட்டம் தெருவை அடைத்து, கடைசியில் போலீஸ் வழக்கு வரை போனது. அதில் உட்கார்ந்த ஒரு அப்பா, மகனின் மருத்துவச் செலவுக்காக வந்தேன் என்று சொன்னார். செய்தியில் அதைப் பார்த்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த மாதமே, ஓணத்தின்போது, வாளையாறு பக்கம் இட்லி சாப்பிடும் போட்டியில் ஒருவர் தொண்டை அடைத்து இறந்தார். சாம்பார், சட்னி எதுவும் தொடாமல் வெறும் இட்லியை வேகமாக விழுங்கும் போட்டி. நாற்பத்தொன்பது வயது. இரண்டும் எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவுக்குள்.

மதுரை_உணவியலாளர்:

மருத்துவமனையில் உணவு ஆலோசகராக இருக்கிறேன். உடம்புப் பக்கத்தைக் கொஞ்சம் சொல்கிறேன்.

வயிறு நிறைந்தது என்ற செய்தி மூளைக்குப் போய்ச் சேரக் கிட்டத்தட்ட இருபது நிமிடம் ஆகும். போட்டி எல்லாமே அந்த இருபது நிமிடத்துக்குள் திணிப்பதுதான். அமெரிக்காவில் கோனி ஐலண்டில் ஒவ்வொரு ஜூலை 4-ம் தேதியும் ஹாட் டாக் (பன்னுக்குள் வைத்த சாஸேஜ்) தின்னும் போட்டி நடக்கும். 2001-இல் தகேரு கோபயாஷி என்ற ஜப்பானிய இளைஞர் பன்னிரண்டு நிமிடத்தில் 50 சாப்பிட்டார், அதற்கு முந்தைய சாதனை 25-ஐ ஒட்டி. ஹாட் டாக்கை இரண்டாக உடைத்து, பன்னைத் தண்ணீரில் நனைத்து விழுங்குவது அவர் முறை. 2021-இல் ஜோயி செஸ்ட்நட் பத்து நிமிடத்தில் 76 சாப்பிட்டார்.

2007-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழக மருத்துவர்கள் இப்படிப்பட்ட ஒரு போட்டியாளரையும் ஒரு சாதாரண ஆளையும் எக்ஸ்ரே திரைக்கு முன் நிறுத்திச் சாப்பிட வைத்தார்கள். சாதாரண ஆள் ஏழு ஹாட் டாக்கோடு நிறுத்திவிட்டார். போட்டியாளர் பத்து நிமிடத்தில் 36. அவர் இரைப்பை தொய்ந்த பை மாதிரி விரிந்துகொண்டே போனது. நம் எல்லோருக்கும் இரைப்பை சுருங்கிச் சுருங்கி உணவை அரைத்துக் கீழே தள்ளும் அல்லவா, அந்த அசைவு அவருக்கு ஏறக்குறைய இல்லை. பயிற்சியால் அதைத் தானே அணைத்துவிட்டிருந்தார். பின்னாளில் இரைப்பை நிரந்தரமாக வேலை நிறுத்திவிடும் ஆபத்து இருக்கிறது என்று எழுதினார்கள். 2024-இல் கோபயாஷி ஓய்வை அறிவித்தபோது தனக்குப் பசியும் தெரிவதில்லை, வயிறு நிறைந்ததும் தெரிவதில்லை என்று சொன்னார். என் தொழிலில் நான் கேட்டதிலேயே வேதனையான வாக்குமூலம் அது.

காரப் போட்டிக்கு வருகிறேன். மிளகாயிலிருந்து பிரித்தெடுத்த செறிவான காரச் சாறு வேறு, நாம் குழம்பில் போடும் காரம் வேறு. 2023-இல் அமெரிக்காவில் ஒற்றைச் சிப்ஸ் காரச் சவாலில் பதினான்கு வயதுப் பையன் இறந்தான். அவனுக்குப் பிறவியிலேயே இதயத்தில் கோளாறு இருந்தது பிரேதப் பரிசோதனையில்தான் தெரிந்தது. அந்த நிறுவனம் சிப்ஸைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றது. 2024 ஜூனில் டென்மார்க் அரசு கொரிய கார நூடுல்ஸ் மூன்று வகைகளைத் திரும்பப் பெறச் சொன்னது, பிறகு இரண்டை அனுமதித்தது. உங்கள் பையனைப் பயமுறுத்த இதை எழுதவில்லை சகோதரி. அவன் செய்தது மற்ற பிள்ளைகளும் செய்வதுதான். நேரம் நன்றாக இருந்தது, பிழைத்தான்.

உங்கள் அம்மாவுக்கு வருகிறேன். திரையைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டால் அளவு தெரியாமல் அதிகம் போகும் என்று நாங்கள் எல்லோரிடமும் சொல்வோம், போனை அணையுங்கள் என்போம். அவரிடம் சொல்ல மாட்டேன். எட்டுக் கிலோ இளைத்த ஒருவர் நேரத்துக்கு, காயோடு, தானே சமைத்துச் சாப்பிடுகிறார். எந்த ஆலோசகரும் அதில் கை வைக்கக் கூடாது. வீடியோ பார்ப்பது நல்லதா கெட்டதா என்ற கேள்வியை விட்டுவிட்டு, பார்த்த பிறகு அவர் தட்டில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அதே அளவுகோலைப் பையனுக்கும் வையுங்கள்.

வெட்டாறு:

செஞ்சிக்கோட்டை தம்பிக்கு: பகாசுரன் வண்டியை நான் மறந்தே போனேன். நீங்கள் சொன்னது சரி. நானும் ஓடியிருக்கிறேன்.

சட்டம் வேண்டும் என்பதில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன். கடைகள் பணத்தைக் காட்டி ஆளை வயிறு முட்டத் தின்ன வைக்கும் போட்டிக்குத் தடை வேண்டும் என்பதில் மாற்றமில்லை. சூதாட்டத்தில் பணத்தைத்தான் வைப்பார்கள், இங்கே உடம்பை வைக்கிறார்கள். ஆனால் ஒரு பெண் தன் வீட்டில் கருவாட்டுக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டு, உங்கள் வீட்டில் என்ன என்று கேட்பதை எந்தச் சட்டத்தாலும் தொடக் கூடாது. இரண்டையும் ஒரே பெயரில் கூப்பிட்டது என் பிழை.

என் மனைவி போய் ஐந்து வருடம். நான் செய்தி பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறேன். இதை எழுதும்போதுதான் அதையே யோசிக்கிறேன்.

திருவிடைமருதூர்_மகள்:

ஐயா, நீங்கள் கேட்டதற்கு இப்போதுதான் பதில் சொல்கிறேன், பையன் நலமாக இருக்கிறான். எல்லோர் பதிவையும் இரண்டு முறை படித்தேன். டைம்லைன் தம்பி சொன்ன வாளியைப் பற்றி அவனிடம் சொன்னேன். நம்பவில்லை. பரோட்டா கடை அண்ணன் எழுதியதை அப்படியே படித்துக் காட்டினேன். ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விட்டான். அன்று ராத்திரி வந்து, "அந்த அண்ணா செமஸ்டர் பணம் கட்டிட்டாராம்மா?" என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை என்றேன். கடை அண்ணனுக்குத் தெரிந்தால் எழுதுங்கள், அவன் கேட்டுக்கொண்டே இருக்கிறான்.

காலாண்டு விடுமுறைக்கு அவனை அம்மாவிடம் கொண்டுபோய் விட்டேன். நேற்று போயிருந்தேன். மதியம் மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்தோம். நான் இருக்கிறேன், பேரன் இருக்கிறான், இன்றைக்குப் போன் வேண்டியிருக்காது என்று நினைத்தேன். அம்மா வழக்கம்போல் சொம்பை வைத்தார், போனைச் சாய்த்தார். "என்னம்மா, நாங்கதான் இருக்கோமே" என்றேன். "அவங்க இன்னிக்கு மாங்கா போட்டுக் கொழம்பு வைக்கிறேன்னாங்க, எப்படி வந்துச்சுன்னு பாக்க வேண்டாமா" என்றார்.

வீடியோவில் அந்தம்மா வழக்கமான கேள்வியைக் கேட்டார். அம்மா, "எலுமிச்சம்பழ ரசம், வாழைக்காய் வறுவல், பேரன் வந்திருக்கான்" என்றார். பையனுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "பாட்டி, இது லைவ் இல்ல. நீங்க பேசறது அவங்களுக்குக் கேக்காது" என்றான்.

"தெரியும்டா" என்றார் அம்மா. "கேட்டாங்க, சொன்னேன்."

அவன் தட்டில் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினார்.

கல்லும்_சால்னாவும்:

தங்கச்சி, அந்தப் பையன் பணம் கட்டிவிட்டான். மூணு தவணையாக என்னிடமே திருப்பிக் கொடுத்தான். இப்போது திருப்பூரில் வேலை. ஊருக்கு வந்தால் கடைக்கு வருவான். இரண்டு பரோட்டா, ஒரு ஆம்லெட். கல்லிலிருந்து எடுத்ததும் சூடாகப் போடுவேன். மகனிடம் சொல்லுங்கள்.